கோண்டாவில் குடும்பம் (குழு)

சுதா: மாமாவுக்கு வெள்ளி கொழும்பில ஸ்கான். வியாழன் இரவு பஸ்ஸில ஆர் கூடப் போறது?

குஞ்சியப்பா: போன மாசந்தானே எடுத்தது. திரும்ப ஏன்? காசு கறக்கிறாங்கள்

கண்ணன் லண்டன்: இல்லை குஞ்சியப்பா. முந்தி எடுத்தது கட்டி எங்க இருக்கெண்டு பாக்க. இது ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ., மூளையில எந்த இடம் எந்த வேலை செய்யுதெண்டு பாக்கிற ஸ்கான். கட்டி இடப்பக்க மூளையில, பேச்சுக்கும் வலக்கைக்கும் உரிய இடத்துக்குக் கிட்ட. கை விரலை அசைக்கேக்க மூளையில அந்த இடத்துக்கு இரத்தம் கூடப் பாயும். ஒக்சிசன் உள்ள இரத்தமும் குறைஞ்ச இரத்தமும் காந்தத்துக்கு வேற வேற மாதிரி. அந்த வித்தியாசத்தை வைச்சு மூளையைப் படம் எடுக்கலாமெண்டு 1990ல செய்ஜி ஒகாவா எண்ட ஜப்பான்காரர் கண்டது. 20, 30 செக்கன் விரல் தட்டச் சொல்லுவினம், பிறகு சும்மா கிடக்கச் சொல்லுவினம். ரெண்டையும் ஒப்பிட்டு, எதை வெட்டக்கூடாதெண்டு டொக்டர் முதலே பாப்பார்

பவன்: 😴

மாமி: இந்தக் கிழமை ரெண்டு தேத்தண்ணிக் கோப்பை உடைஞ்சிட்டுது. வலக்கையில நிக்குதில்லை

குஞ்சியப்பா: ஊசி போடுவினமோ

கண்ணன் லண்டன்: இதுக்குத் தேவையில்லை. கதிர்வீச்சும் இல்லை. தலை அசையக்கூடாது, அவ்வளவுதான். பேச்சுக்கு, 'க'வில தொடங்கிற சொல்லுகளை மனசுக்குள்ள நினைக்கச் சொல்லுவினம். வாய் அசைக்கப்படாது

மாமி: 41 வருசமா நான் காணாத காட்சி

சுதா: தமிழிலயோ கேப்பினம்? மாமாவுக்குச் சிங்களம் ஓடாதே

கண்ணன் லண்டன்: அதைத்தான் சொல்ல வந்தனான். கேள்வி விளங்காட்டி அந்த இடம் படத்தில தெரியாது. கட்டிக்குப் பக்கத்தில இரத்தவோட்டம் குழம்பினாலும் தெரியாமப் போகும். அதாலதான் சிலபேரை ஒப்பரேசன் நடக்கேக்கையே முழிக்கவைச்சு, கதைக்கவிட்டு, மூளையில மெல்லிசாக் கரண்ட் தொட்டு

மாமி: முழிப்பிலயோ??

குஞ்சியப்பா: டேய் அக்காவைப் பயப்படுத்தாதை

கண்ணன் லண்டன்: மூளைக்கு நோ தெரியாது மாமி

பவன்: அண்ணை காணும்

சுதா: அப்ப தமிழில சொல்லிக்குடுக்க ஒராள் கட்டாயம். பவன்?

பவன்: வெள்ளி ரியூசன் வகுப்பு

கனடா அக்கா: நல்லூரான் பாத்துக்கொள்ளுவார் 🙏 செலவு நான் போடுறன்

குஞ்சியப்பா: காசு வரும். ஆள்தான் வராது

கனடா அக்கா: செத்தவீட்டிலயும் இதைத்தான் சொன்னனீங்கள்

சுதா: அது இப்ப வேண்டாம். மாமி, மோதிரம் கழட்டவேணும், மிசினுக்குள்ள பெரிய காந்தம்

மாமி: சவுக்காரம் போட்டும் வரேல்லை

பவன்: தேங்காயெண்ணெய்

மாமா: 🎤 0:22

கனடா அக்கா: விளங்கேல்லை, என்ன சொல்லுறார்

மாமி: பழகிறார். கருவாடு, கணவாய், கத்தரி, கடன், காணி

குஞ்சியப்பா: காணி 'கா'வில. கணக்கில்லை

சுதா: பஸ்ஸுக்கு எத்தினை சீற் போட?

பவன்: பின்னேரம் சொல்லுறன்