அக்கா மகளுக்கு அனோரெக்சியா: எது குணம், எது நோய்?

அக்கா மகளுக்குப் பதினேழு வயது. அனோரெக்சியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துப் பட்டினி கிடக்கிற மனநோய், என்று போன மாதம் மருத்துவர் சொன்னார். சின்னதிலிருந்தே நோட்டில் ஓர் எழுத்து கோணினாலும் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிற பிள்ளை. நாங்களும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். இப்போது அதே பிடிவாதம் சாப்பாட்டுத் தட்டில் வந்து நிற்கிறது.

எதிலும் குறையே இருக்கக்கூடாது என்ற எண்ணம், முன்கூட்டியே பயப்படும் சுபாவம், இவை இந்த நோய் வருபவர்களிடம் முன்பிருந்தே அதிகம் காணப்படுகின்றன என்று படித்தேன். புலிமியா (அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு, வாந்தி முதலிய வழிகளில் அதை ஈடுகட்டப் பார்க்கும் நோய்) என்றால் யோசிக்காமல் சட்டென்று செய்துவிடும் குணமும் பலரிடம் உண்டாம். சரி. ஆனால் 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆரோக்கியமான 36 ஆண்களை அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தபோது, அவர்களும் சிடுசிடுத்தார்கள், ஒதுங்கினார்கள், நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பாகவே கிடந்தார்கள். அப்படியானால் இவளுடைய எரிச்சலில் எது பிறவிக்குணம், எது பட்டினி செய்கிற வேலை?

வீட்டில் ஒருவர் இதிலிருந்து மீண்டதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: சாப்பிடத் தொடங்கியபின் எது மாறியது, எது அப்படியே இருந்தது? "எல்லாம் திமிர்" என்கிற பாட்டிக்கு எப்படிப் புரியவைத்தீர்கள்? மதுரைப் பக்கம், குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசும் மனநல மருத்துவர் தெரிந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். டயட் டிப்ஸ் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.