கேல்4 ஒட்டும் இடங்களை மூன்று மடங்காக்கியும் கேல்1-ஐவிடக் குறைவாகவே ஒளிர்கிறது: ஈஸ்ட் புரமோட்டர் உதவி தேவை

கேள்வி

வணக்கம். சாக்கரோமைசிஸ் செரிவிசியே ஈஸ்ட்டில் (பி.ஒய்.4741) ஒரு லைப்பேஸ் நொதியைச் சுரக்க வைப்பது என் ஆய்வு. காலக்டோஸ் சர்க்கரை இருந்தால் ஓடும் கேல்1 புரமோட்டரைவிட (புரமோட்டர் என்பது மரபணுவின் முன்னே இருந்து அதை ஓட வைக்கும் டி.என்.ஏ. பகுதி) வலுவான ஒன்று வேண்டும் என்று ஒரு செயற்கை புரமோட்டர் கட்டியிருக்கிறேன். கேல்1-ஐத் தூண்டும் கேல்4 புரதம் வந்து ஒட்டும் 4 இடங்கள் உள்ள இயற்கைத் துண்டை அப்படியே மூன்று முறை வரிசையாக வைத்து 12 இடங்கள் ஆக்கினேன். டாட்டா பெட்டியிலிருந்து தொடக்கக் கோடான் வரை எதையும் தொடவில்லை. வைத்திருப்பது 2 மைக்ரான் பிளாஸ்மிட்டில் (ஒரு செல்லில் பல பிரதிகள் இருக்கும் வட்ட டி.என்.ஏ.), யுரா3 மார்க்கர். லைப்பேஸை வைக்குமுன் ஜி.எஃப்.பி. (பச்சையாக ஒளிரும் புரதம்) வைத்துச் சோதிக்கிறேன்.

ஒளிர்வு சாதாரண கேல்1-ஐவிடக் குறைவு. அதைவிடக் குழப்புவது, காலக்டோஸ் பிளேட்டில் காலனிகள் கடுகைவிடச் சிறிதாக நிற்கின்றன. நடுவே சில மட்டும் பெரிதாகி நல்ல பச்சையாக ஒளிர்கின்றன. ஈ.கோலையிலிருந்து எடுத்த பிளாஸ்மிட்டின் சீக்வென்ஸ் சரியாக இருக்கிறது. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

பதில் 1

முன்வளர்ப்பு எதில் செய்கிறீர்கள்? குளுக்கோஸில் வளர்த்து நேரே காலக்டோஸுக்கு மாற்றினால், குளுக்கோஸ் இருக்கும்போது கேல் மரபணுக்களை அடக்கும் மிக்1 புரதத்தின் பிடி விலகவே மணிக்கணக்கில் ஆகும். மிச்சக் குளுக்கோஸ் கொஞ்சம் இருந்தாலும் ஒளிர்வு குறையும். அப்புறம், காலி பிளாஸ்மிட் உள்ள செல்கள் அதே காலக்டோஸ் பிளேட்டில் எப்படி வளர்கின்றன?

கேட்டவர்

அடக்கவும் தூண்டவும் செய்யாத ராஃபினோஸ் சர்க்கரையில் (2%) இரவு முழுவதும் வளர்த்து, பிறகுதான் 2% காலக்டோஸ் சேர்க்கிறேன். பிளேட்டில் காலக்டோஸ் மட்டும். காலி பிளாஸ்மிட் உள்ளவை அதில் நன்றாக வளர்கின்றன. குளுக்கோஸ் பிளேட்டில் எல்லாக் காலனியும் ஒரே அளவு.

பதில் 2

குளுக்கோஸில் ஒரே அளவு, காலக்டோஸில் மட்டும் சிறிது என்றால், எனக்குத் தோன்றுவது கேல்4 பற்றாக்குறை. செல்லில் கேல்4 எப்போதுமே குறைவாகத்தான் இருக்கும். 2 மைக்ரான் பிளாஸ்மிட் ஒரு செல்லில் 10 முதல் 40 வரை இருக்கலாம். 20 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 12 இடங்கள் என்றால் 240. இருக்கிற கேல்4 அத்தனை இடங்களுக்கும் சிதறிப் போகும். ஜி.எஃப்.பி.க்கும் போதாது, குரோமோசோமில் இருக்கும் கேல்1, கேல்7, கேல்10 மரபணுக்களுக்கும் போதாது. அவை ஓடாமல் செல் எப்படிக் காலக்டோஸைச் சாப்பிடும்? காலனி சிறுத்துப் போவது அதனால்தான் இருக்கும்.

சோதிப்பது எளிது. அதே புரமோட்டரை, ஒரு செல்லுக்கு ஒன்றிரண்டு மட்டுமே இருக்கும் சென்ட்ரோமியர் பிளாஸ்மிட்டுக்கு மாற்றுங்கள். காலனி பழைய அளவுக்கு வந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

ஒரு எச்சரிக்கை: பற்றாக்குறையைச் சரிசெய்கிறேன் என்று கேல்4-ஐ வலுவான, எப்போதும் ஓடும் புரமோட்டரில் போட்டுவிடாதீர்கள். அதைப் பிடித்து வைக்கும் கேல்80-ஐ மீறிப் போனால் காலக்டோஸ் இல்லாமலே மரபணு ஓட ஆரம்பிக்கும், செல்லுக்கும் கெடுதல். கூடுதல் கேல்4 தேவைதான் என்றால் கேல்10 புரமோட்டரின் கீழ் குரோமோசோமில் ஒரு பிரதி வையுங்கள். தூண்டும்போது மட்டும் கூடும்.

பதில் 3

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் அந்தப் பெரிய காலனிகளை விட்டுவிடாதீர்கள், எனக்கு அவைதான் முக்கியமாகப் படுகின்றன. ஒரே துண்டு மூன்று முறை அடுத்தடுத்து இருந்தால் இந்த ஈஸ்ட் சும்மா விடாது. ஒத்த தொடர்களை மறுசேர்க்கை செய்து நடுவில் இருப்பதை வெட்டிவிடும். 12 இடங்கள் 8 ஆகும், அல்லது 4 ஆகும். உங்கள் நிலைமையில் அப்படிச் சுருங்கிய செல்லுக்குத்தான் லாபம், ஏனென்றால் கேல்4 மிச்சமாகிறது. அது வேகமாக வளர்ந்து பிளேட்டைப் பிடித்துக்கொள்ளும். ஈ.கோலையில் எடுத்த சீக்வென்ஸ் இதைக் காட்டாது. பெரிய காலனி, சின்னக் காலனி இரண்டிலிருந்தும் டி.என்.ஏ. எடுத்து, புரமோட்டர் முழுவதற்கும் வெளியே ஒட்டும் பிரைமர்களால் பி.சி.ஆர். செய்து பாருங்கள்.

அடுத்த வடிவத்தில் துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டவே வேண்டாம். கேல்4-க்குத் தேவை 17 எழுத்து இடம்தான்: ஒரு முனையில் சிஜிஜி, மறுமுனையில் சிசிஜி, நடுவில் 11 எழுத்து. இடங்களுக்கு இடையே உள்ள தொடரை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக வடிவமையுங்கள். அந்தத் தொடர்களில் தற்செயலாக மிக்1 ஒட்டும் இடம் வந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

பி.சி.ஆர். முடிந்தது. சின்னக் காலனியில் எதிர்பார்த்த நீளத்தில் ஒரே பேண்டு. பெரிய காலனிகளில் மூன்று பேண்டுகள். கீழே இருப்பது கேல்1 பிளாஸ்மிட்டின் பேண்டுக்கு நேராக நிற்கிறது, அதுதான் அடர்த்தியும். ஆக, ஒரே செல்லில் நீளமானதும் சுருங்கியதும் கலந்திருக்கின்றன. சென்ட்ரோமியர் பிளாஸ்மிட்டிலும் போட்டுப் பார்த்தேன். காலனி அளவு காலி பிளாஸ்மிட்டைப் போலவே இருக்கிறது. ஒளிர்வும், அதே பிளாஸ்மிட்டில் வைத்த கேல்1-ஐவிடக் கூடுதல். ஆக, புரமோட்டர் வேலை செய்கிறது. இருவருக்கும் மிக்க நன்றி. இனி இடைத்தொடர்களை மாற்றிக் குரோமோசோமில் சேர்த்துவிட்டு லைப்பேஸை வைக்கலாமா?

பதில் 4

சேருங்கள், ஆனால் கேல்1-ஐயும் அதே இடத்தில் சேர்த்து இரண்டிலும் லைப்பேஸை ஓட்டுங்கள். ஜி.எஃப்.பி. செல்லுக்குள்ளேயே தங்குவது. லைப்பேஸ் எண்டோபிளாச வலைக்குள் போய் மடிந்து, அதைச் சுரப்புப் பாதைக்கு அனுப்ப முன்னே ஒட்டும் ஆல்ஃபா காரணி முன்தொடரைக் கெக்ஸ்2 என்ற நொதி வெட்டிய பிறகுதான் வெளியே வரும். அங்கே நெரிசல் என்றால் வலுவான புரமோட்டர் நெரிசலைத்தான் கூட்டும், ஊடகத்தில் நொதி குறைந்தே போகலாம். 2008-இல் ஹார்ட்னரும் குழுவினரும் பிக்கியா ஈஸ்ட்டின் ஏ.ஓ.எக்ஸ்.1 புரமோட்டரில் செய்த தொகுப்பைப் பாருங்கள்: இயற்கையானதன் 6 சதவீதத்திலிருந்து 160 சதவீதத்துக்கும் மேல் வரை வலு உள்ள வடிவங்கள். எந்தப் புரதத்துக்கு எந்த வலு பொருந்தும் என்று அதிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். நீங்களும் 2, 4, 6, 8 இடங்கள் என்று ஒரு சிறு வரிசை செய்யுங்கள். அளக்கும்போது ஊடகத்தில் உள்ள நொதியோடு செல்லுக்குள் தேங்கியதையும் வெஸ்டர்ன் பிளாட்டில் பாருங்கள். உள்ளே தேங்குகிறது என்று தெரிந்தால் புரதம் மடிய உதவும் பி.டி.ஐ.1-ஐக் கூடுதலாக ஓட்டிப் பாருங்கள்; புரமோட்டரை மேலும் வலுவாக்குவதால் அது தீராது.