டாஷ்போர்டில் எல்லாம் இருக்கிறது, வேண்டியது மட்டும் கண்ணில் படுவதில்லை. யாரிடம், எப்படிச் சொல்வது?

இராக்கண் எழுதியது:

வணக்கம். ஓஎம்ஆர் பக்கம் ஒரு நிறுவனத்தின் சாக் குழுவில், அதாவது சைபர் தாக்குதல்களைக் கண்காணிக்கும் குழுவில், எல்1 ஆக (அலர்ட்டை முதலில் பார்க்கும் ஆள்) இருக்கிறேன். பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். க்ளையன்ட்டுகளுடைய சர்வர், ஃபயர்வால், லேப்டாப் எல்லாவற்றிலிருந்தும் வரும் அலர்ட்டுகளை ஒரே பிரௌசர் திரையில் பார்க்கும்படி ஒரு டாஷ்போர்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் வேண்டாம். விலை அதிகம் என்று மட்டும் தெரியும். குறை சொல்ல வாயைத் திறந்தாலே அந்த விலையைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

பின்னால் இருக்கும் இன்ஜினைக் குறை சொல்ல மாட்டேன், பிடிக்க வேண்டியதைப் பிடிக்கிறது. என் தகராறு முழுக்கத் திரையோடுதான்.

திறந்தவுடன் மேல்பாதியில் உலக வரைபடம். கண்டம் விட்டுக் கண்டம் கோடுகள் பறக்கும். அதன் கீழ் ஒரு வட்டப் படம், பக்கத்தில் இதுவரை வந்த மொத்த அலர்ட் என்று ஐந்து இலக்கத்தில் ஓர் எண். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இதையெல்லாம் தாண்டிக் கீழே இறங்கினால்தான் அலர்ட் பட்டியல், அதுவும் பக்கத்துக்குப் பத்து வரி. சர்வர் பெயருக்கு ஒதுக்கிய இடம் போதாமல் பாதியில் வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடும். எங்கள் சர்வர் பெயர்களில் வித்தியாசமே கடைசி இரண்டு எண்ணில்தான் இருக்கிறது. முழுப் பெயர் வேண்டுமென்றால் மவுஸை மேலே வைத்துக் காத்திருக்க வேண்டும். அப்போது விரியும் பெட்டி அடுத்த இரண்டு வரிகளை மறைத்துக்கொள்ளும். ஐபி முகவரியை காப்பி செய்யலாம் என்று தொட்டால் அது லிங்க், வேறு பக்கத்துக்குப் போய்விடும். பேக் அடித்தால் போட்டு வைத்த ஃபில்டர் அத்தனையும் காலி, மறுபடி வரைபடம்.

அரை நிமிடத்துக்கு ஒரு தரம் பக்கம் தானாக ரிஃப்ரெஷ் ஆகும். க்ளிக் செய்யும் நொடியில் வரிகள் கீழே நகர்ந்து, நான் நினைத்தது ஒன்று, திறப்பது ஒன்று. 'அக்னாலட்ஜ்' பட்டனும் 'க்ளோஸ்' பட்டனும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நேரத்தை '3 மணி நேரத்துக்கு முன்' என்றுதான் காட்டும். லாக்கில் இருப்பது யுடிசி என்ற உலகப் பொது நேரம், டிக்கெட்டில் எழுதுவது இந்திய நேரம், ஒரு க்ளையன்ட் சிங்கப்பூர். ஐந்தரை கூட்டி, இரண்டரை கூட்டி, விடியற்காலையில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

எது கிரிட்டிக்கல், எது லோ என்பதற்கு எழுத்தே கிடையாது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று புள்ளி மட்டும். பக்கத்து சீட்டில் இருப்பவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஒவ்வொரு வரியையும் திறந்துதான் பார்க்கிறார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். செஷன் காலாவதியானால் அந்தத் திரை ஒன்றுமே சொல்வதில்லை. கடைசியாக வந்த தரவைக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். வரைபடத்தில் கோடு மட்டும் பறந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அது வெறும் அனிமேஷன். சுவரில் மாட்டியிருக்கும் பெரிய டிவியில் இது நடந்தால், இரவு அமைதியாகப் போகிறதா, திரை செத்துவிட்டதா என்று யாருக்கும் தெரியாது.

மேலாளரிடம் சொன்னால் 'ட்ரெய்னிங் போதவில்லை' என்கிறார். வேண்டர் 'ரோட்மேப்பில் இருக்கிறது' என்கிறார். இதை என் ரசனைப் பிரச்சினையாக இல்லாமல் பாதுகாப்புப் பிரச்சினையாக அவர்கள் எடுத்துக்கொள்ளும்படி எப்படிச் சொல்வது? அதுவரை எப்படிச் சமாளிப்பது?

பழைய_ஆபரேட்டர் எழுதியது:

தம்பி, எனக்கு சைபர் எல்லாம் தெரியாது. ஒரு சுத்திகரிப்பு ஆலையின் கன்ட்ரோல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகன் இந்தத் துறையில் இருப்பதால் இங்கே எட்டிப் பார்ப்பேன். உங்கள் பதிவைப் படித்ததும் மில்ஃபோர்ட் ஹேவன்தான் நினைவுக்கு வந்தது.

1994 ஜூலை 24. வேல்ஸ் நாட்டில் ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. காலையில் இடி மின்னலில் ஆலை தடுமாறியது. பல மணி நேரம் ஆபரேட்டர்கள் மல்லுக்கட்டினார்கள், கடைசியில் வெடித்தது. வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரம் வந்தது என்று பிரிட்டிஷ் அரசின் விசாரணை அறிக்கை சொல்கிறது. இரண்டு மூன்று நொடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையையும் படித்து, அக்னாலட்ஜ் செய்து, நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒரு வால்வு மூடிக் கிடந்தது, திரையோ அது திறந்திருப்பதாகக் காட்டியது. ஆலையில் மொத்தமாக என்ன நடக்கிறது என்று காட்ட ஒரு படம் இல்லை. துண்டு துண்டாகத் திரைகள்தான். ஆபரேட்டர் தூங்கினார் என்றோ ட்ரெய்னிங் இல்லை என்றோ சொல்லி அவர்கள் கோப்பை மூடிவிடவில்லை. அலாரம் அளவுக்கு மேல், முன்னுரிமை சரியில்லை, திரை உதவவில்லை என்று எழுதி வைத்தார்கள். உங்கள் மேலாளருக்கு இதைக் காட்டுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பேனலில் ஒவ்வொரு அலாரத்துக்கும் தனி விளக்கு, தனி ஒயர். ஒன்று கூடுதலாக வேண்டுமென்றால் காசு செலவாகும், அதனால் 'இது வேண்டுமா?' என்று நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். டிசிஎஸ் என்ற கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு முறை வந்த பிறகு அலாரம் இலவசம். ஆளாளுக்குச் சேர்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை. உங்கள் துறையும் அதே வழியில்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் துறையில் இப்போது இதற்கு வழிகாட்டி இருக்கிறது. ஈஇஎம்யுஏ 191 என்று பெயர். ஆலை சீராக ஓடும்போது ஓர் ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரம், அதற்குள் இருந்தால் நல்லது என்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். திரை மோசம் என்று எழுதாதீர்கள், அதை யாரும் மதிக்க மாட்டார்கள். ஓர் இரவு நோட்டில் மூன்று நேரம் மட்டும் குறித்து வையுங்கள்: அலர்ட் உண்டான நேரம், உங்கள் கண்ணில் பட்ட நேரம், எந்த மெஷின் என்று உறுதியான நேரம். நடுவில் இருக்கும் இடைவெளியே பேசும்.

முன்முனை எழுதியது:

நான் எதிர்த்தரப்பு. இந்த மாதிரி திரைகளைக் கட்டும் கம்பெனி ஒன்றில் ஃப்ரன்ட்எண்ட் வேலை செய்தேன். அந்தப் பறக்கும் கோடுகளை என் கையாலேயே எழுதியிருக்கிறேன், அடிக்க வராதீர்கள்.

காரணம் எளிது. வாங்குபவர் ஒருவர், பார்ப்பவர் வேறொருவர். வாங்குபவர் டெமோவில் கொஞ்ச நேரம்தான் பார்ப்பார், பகலில், ப்ரொஜெக்டரில், பதினைந்தே அலர்ட் இருக்கும் மாதிரித் தரவோடு. அங்கே சர்வர் பெயர் 'வெப்1' என்று இருக்கும், வெட்டுப்படாது. செஷன் காலாவதி ஆகாது. ஆயிரக்கணக்கான வரிகளோடு விடிய விடிய உட்காரும் ஆள் அந்த அறையிலேயே இருப்பதில்லை. வரைபடம் இல்லாமல் வெறும் பட்டியலைக் காட்டியபோது 'இதில் என்ன புதுசு?' என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேண்டரிடம் 'யுஎக்ஸ் (பயன்படுத்தும் அனுபவம்) சரியில்லை' என்று டிக்கெட் போட்டால் அது குப்பைக்குத்தான் போகும். பிரித்து பக் ஆகப் போடுங்கள். செஷன் முடிந்தும் பழைய தரவைக் காட்டுவது பக், அதுவும் பெரிய பக். கடைசியாகத் தரவு வந்த நேரம் திரையில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், இத்தனை நிமிடம் தாண்டினால் திரை முழுக்கச் சாம்பலாக வேண்டும் என்று கேளுங்கள். ஒரே நாள் வேலை, நம்புங்கள். நிறத்தை மட்டும் வைத்துத் தகவல் சொல்லக்கூடாது என்பது டபிள்யூசிஏஜி விதி 1.4.1 (இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான சர்வதேச வழிகாட்டி), அடிப்படை நிலையான 'ஏ'விலேயே வருகிறது. அரசு டெண்டரில் கலந்துகொள்ளும் வேண்டர் என்றால் அந்த எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்.

திரை கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹவாயைச் சொல்லலாம். 2018 ஜனவரி 13, ஏவுகணை வருகிறது என்று மாநிலம் முழுக்க மொபைலில் செய்தி. மெனுவில் சோதனையும் நிஜமும் அடுத்தடுத்து இருந்ததால் ஊழியர் மாற்றி அழுத்திவிட்டார்.

கோவை_செல்வி எழுதியது:

முன்முனை, ஹவாய்க் கதையை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் எஃப்சிசி (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) விசாரணையில் வந்தது வேறு. பயிற்சிக்காகப் போட்ட ஒலிப்பதிவில் 'இது பயிற்சி அல்ல' என்ற வரியும் இருந்திருக்கிறது. அந்த ஊழியர் நிஜம் என்று நம்பி, தெரிந்தேதான் அனுப்பினார். அதற்காகத் திரை நல்லது என்று சொல்லவில்லை. சோதனைக்கும் நிஜத்துக்கும் ஒரே மாதிரி 'அனுப்பவா?' என்றுதான் அது கேட்டது. அதைவிட, தவறு என்று திருத்தச் செய்தி போக 38 நிமிடம் ஆனது. ரத்து செய்தியைத் தயாராக எழுதி வைக்கவே இல்லை. இராக்கண், மேலாளரிடம் இந்த உதாரணத்தைச் சொன்னால் விவரம் தெரிந்த யாராவது மடக்குவார்கள். வேண்டாம்.

டார்கெட் என்ற கடை நிறுவனத்தின் கதையைச் சொல்லுங்கள். 2013 இறுதியில் அந்த அமெரிக்கக் கடைகளில் சுமார் 4 கோடி கார்டு எண்கள் போயின. அவர்கள் வைத்திருந்த ஃபயர்ஐ என்ற பாதுகாப்புக் கருவி முன்பே அலர்ட் கொடுத்திருந்தது. அவர்களுடைய பெங்களூரு குழு அதைப் பார்த்து மினியாபொலிஸ் தலைமையகத்துக்குச் சொன்னதாகவும், அந்த அலர்ட்டின் பெயர் 'மால்வேர்.பைனரி' என்று பொதுப்படையாக இருந்ததாகவும் அப்போது செய்தி வந்தது. எந்த மெஷின், என்ன ஆபத்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எதுவுமே சொல்லாத பெயர். நைட் ஷிஃப்ட்காரர்களுக்குப் புரியும்.

ஆனால் ஒன்று, எல்லாப் பழியையும் திரைமேல் போடாதீர்கள். பத்துக்கு எட்டு அலர்ட் வெட்டி என்றால் எவ்வளவு அழகான திரையும் உதவாது. அது எதற்கு அலர்ட் எழ வேண்டும் என்ற ரூல்களைச் சீர்படுத்தும் வேலை, உங்களுக்கு மேல்நிலையில் இருக்கும் எல்2, எல்3 ஆட்கள் செய்ய வேண்டியது.

அதுவரைக்கும் சமாளிக்க, அந்தப் பொருளுக்கு ஏபிஐ (ஸ்கிரிப்ட் மூலம் நேரடியாகத் தரவை எடுக்கும் வழி) இருக்கிறதா பாருங்கள், அநேகமாக இருக்கும். அலர்ட்டை எடுத்து முழு சர்வர் பெயர், யுடிசி நேரம், இந்திய நேரம், தீவிரம் எழுத்தில் என்று வெறும் டேபிளாகப் போடும் ஸ்கிரிப்ட் எங்களிடம் ஓடுகிறது. பார்க்க லட்சணமாக இருக்காது. மென்பொருள் பலவீனங்களைப் பற்றிய அலர்ட் என்றால், பலவீனம் எவ்வளவு கடுமையானது என்று சொல்லும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பரிலிருந்து 'நிஜமாகவே தாக்குதலில் பயன்படுகிறவை' என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறது, சிஎஸ்வி ஆகவும் ஜேசன் ஆகவும் இலவசமாகக் கிடைக்கும். தெரிந்த பலவீனங்களுக்குக் கொடுக்கும் சிவிஇ எண்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன, அந்தப் பட்டியலில் இருப்பது ஆயிரத்துச் சொச்சம். அதில் இருந்தால் மேலே, இல்லையென்றால் அடுத்த 30 நாளில் தாக்கப்படும் வாய்ப்பைச் சொல்லும் இபிஎஸ்எஸ் எண்ணைப் பாருங்கள்.

டிவி செத்துவிட்டதா என்று தெரிய ஈகார் என்ற சோதனைக் கோப்பு போதும். 68 எழுத்து, யாருக்கும் கெடுதல் இல்லை, பெரும்பாலான ஆன்டிவைரஸ்கள் அதைச் சோதனைக்காகவே பிடிக்கும். ஒரு டெஸ்ட் மெஷினில் மணிக்கொரு தரம் அதை உண்டாக்க ஒரு ஷெட்யூல் போடுங்கள். அலர்ட் திரைக்கு வரவில்லை என்றால் திரையோ நடுவில் வேறெதுவோ செத்துவிட்டது.

இராக்கண் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆபரேட்டர் ஐயா, நீங்கள் சொன்ன மூன்று நேரக் கணக்கைக் குறித்துப் பார்த்தேன். அலர்ட் உண்டாவதற்கும் திரைக்கு வருவதற்கும் நடுவில் நொடிகள்தான். கண்ணில் பட்டதிலிருந்து எந்த மெஷின் என்று உறுதியாவதற்குத்தான் நிமிடக்கணக்கில் போகிறது, அதிலும் பாதி நேரம் பேக் அடித்துவிட்டு ஃபில்டரை மறுபடி போடுவதில். அதை எக்ஸெலில் போட்டு அனுப்பியதும் மேலாளர் முதல் தடவையாக 'ட்ரெய்னிங்' என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு அலர்ட்டை அவரே திறக்கப் பார்த்தார். ரிஃப்ரெஷ் ஆகி வேறொன்று திறந்தது.

செஷன் விஷயத்தைத் தனி பக் ஆகப் போட்டாகிவிட்டது. 1.4.1 ஐயும் எண்ணோடு போட்டேன். முன்முனை சொன்னபடி அதற்குத்தான் முதலில் பதில் வந்தது.

செல்வி அக்கா, ரூல்கள் பற்றிச் சொன்னது சரிதான், ஆனால் எங்கள் எல்3 வேறு ஊரில், வேறு ஷிஃப்ட்டில் இருக்கிறார். இப்போதைக்கு என் கைக்கு எட்டுவது திரை மட்டும்தான். ஏபிஐக்கு ரீட்-ஒன்லி சாவி கேட்டிருக்கிறேன். ஈகார் சோதனைக்கு சிங்கப்பூர் க்ளையன்ட் சரி என்றுவிட்டார், மற்றவர்கள் எழுத்தில் கேட்கிறார்கள். அந்த அனுமதிக் கடிதத்துக்கு உங்களிடம் மாதிரி ஏதாவது இருக்கிறதா?