புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டுமா?

நெய்தல்:
பிறந்து வளர்ந்த நாட்டை முழுமனதோடு தன் நாடு என்று சொல்ல இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் தயக்கம்? பெற்றோர் விட்டுவந்த ஊரின் ஏக்கத்தைப் பிள்ளைகள் தலையில் ஏற்றுவது அநியாயம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று எத்தனை காலம் நிற்பார்கள்?

வழிப்போக்கன்:
தயக்கம் பிள்ளைகளுக்கா? பிறந்த ஊரைச் சொன்னாலும் "அது சரி, உண்மையில் எந்த ஊர்?" என்று விடாமல் கேட்கிறார்களே, அவர்களைக் கேளுங்கள். துருக்கி வம்சாவளியைச் சேர்ந்த கால்பந்து வீரர் மெசூட் ஓசில் ஜெர்மனியில் பிறந்தவர், 2014-இல் அந்நாட்டுக்காக உலகக் கோப்பை வென்றவர். 2018-இல் அணியிலிருந்து விலகியபோது, வென்றால் ஜெர்மானியன், தோற்றால் குடியேறியவன் என்று மனம் வெதும்பி எழுதினார்.

நெய்தல்:
துருக்கி அதிபருடன் அவர் படம் எடுத்துக்கொண்டதில்தான் சர்ச்சை தொடங்கியது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

வழிப்போக்கன்:
படத்தைத் தாராளமாகக் கண்டியுங்கள், நானும் கண்டிப்பேன். ஆனால் குடியேறாத குடும்பத்து வீரர் தவறு செய்தால் அவரை மட்டும்தானே திட்டுவார்கள்? அவர் அந்த நாட்டவர்தானா என்று யாரும் கேட்பதில்லை.

தாழை:
தேர்ந்தெடுக்கச் சொல்லிச் சட்டமே வற்புறுத்தியிருக்கிறது. வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் பலருக்கு ஜெர்மனி 2000 முதல் பிறப்பிலேயே குடியுரிமை தந்தது. ஆனால் பெற்றோர் வழிக் குடியுரிமையும் இருந்தால், 23 வயதுக்குள் ஒன்றைக் கைவிட வேண்டியிருந்தது. அங்கேயே வளர்ந்தவர்களுக்கு 2014-இல் விலக்கு அளித்தார்கள். 2024-இல் இரட்டைக் குடியுரிமையை எல்லோருக்கும் அனுமதித்தார்கள். உளவியலாளர் ஜான் பெர்ரி குழுவினர் 13 நாடுகளில் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. இரு பண்பாட்டோடும் உறவு வைத்திருந்த இளையோரே பொதுவாக நன்றாகப் பொருந்தி வாழ்கிறார்கள் என்று அது கண்டது.

நெய்தல்:
பொதுவாக, சரி. இரண்டில் ஒன்று தனக்கு வேண்டாம் என்று நினைக்கும் பிள்ளையை என்ன செய்வீர்கள்? பெற்றோரின் மொழி வரவில்லை என்று உறவினர் கூடும் இடத்தில் தலைகுனிய வைக்கிறார்களே, அந்தக் காயம் தெருவில் படும் காயத்துக்குக் குறைந்ததா?

தாழை:
குறைந்ததில்லை. வீட்டுக்குள் நடப்பதால் வெளியே சொல்லவும் முடியாது. ஆனால் விலகுவதும் அந்தப் பிள்ளையின் முடிவாக இருக்கட்டும். கேலிக்குப் பயந்து பள்ளியில் தன் பெயரையே சுருக்கிக்கொள்ளும் பிள்ளையைச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது.

நெய்தல்:
அதை ஏற்கிறேன். பெற்றோரின் வற்புறுத்தலுக்கும் இதே அளவுகோலை வைப்பீர்களா?

தாழை:
வைப்பேன்.