வாடிக்கையாளர் கோப்புகளைத் தனியாக அடைத்துத் திறக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சேலம் கலெக்டர் அலுவலகத்துக்கு அருகில் பிரிண்ட், ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். பட்டா, சாதிச் சான்று, ஆதார் என எல்லாவற்றையும் பென்டிரைவில் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கூட்டம் நெரியும். ஒவ்வொரு கோப்பையும் ஆராய நேரமே இருக்காது. ஒருவர் கோப்பில் ஒளிந்திருக்கும் வைரஸ் அடுத்தவர் ஆதாரைத் தொட்டுவிடக் கூடாது. அதுதான் என் கவலை.

கணினியில் இருப்பது உபுண்டு 24.04 என்னும் லினக்ஸ் இயங்குதளம். பிடிஎஃப் வாசிப்பானை, நிரலைத் தனியறைபோல் அடைத்து இயக்கும் பப்பிள்ராப் (bubblewrap) மூலம் தனிமைப்படுத்த முயல்கிறேன். 1979-இல் யூனிக்ஸில் வந்த பழைய வழியான சிரூட் (chroot), நிரலிடமிருந்து வெளிக் கோப்புகளை மட்டுமே மறைக்கும். ரூட் (நிர்வாகி) உரிமை பெற்ற நிரல் அதை உடைத்து வெளியேறிவிடும். பப்பிள்ராப் பயன்படுத்தும் நேம்ஸ்பேஸ் என்ற லினக்ஸ் தடுப்பு முறையில் பிராசஸ் பட்டியல், நெட்வொர்க், மவுண்ட் எல்லாவற்றையும் தனியாகப் பிரிக்கலாம்.

ஆனால் சாதாரணப் பயனராக இயக்கினால், யுஐடி மேப் (உள்ளே உள்ள பயனர் எண்ணை வெளியே உள்ளதோடு பொருத்தும் பட்டியல்) அமைக்க அனுமதியில்லை என்று நின்றுவிடுகிறது. தடுப்பது, நிரல்களின் அனுமதிகளைக் கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மர். அந்தத் தடையைக் கணினி முழுவதற்கும் நீக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பப்பிள்ராப்புக்கு மட்டும் புரொஃபைல் (அனுமதி விதிக் கோப்பு) எழுதியவர்கள் தயவுசெய்து பகிருங்கள்.

இன்னொன்று அச்சு. நெட்வொர்க்கை அடைத்தாலும், அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸின் (CUPS) சாக்கெட் என்ற இணைப்பு வாசலை உள்ளே இணைத்தால் பிரிண்ட் போகும். அதே வாசல் வழியே மற்றவர்களின் அச்சு வரிசையையும் எட்டிப் பார்க்க முடியுமா? பக்கங்களை உள்ளேயே படமாக மாற்றி, வெளியே எடுத்து அச்சிடுவது மேலா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.