பொது இடத்தில் எடுத்த படத்தை அழிக்கச் சொல்ல யாருக்கு அதிகாரம்?

வணக்கம் உறவுகளே, சட்டம் தெரிந்த அண்ணாமார், அக்காமார் யாராவது உதவுங்கள். போன கிழமை பின்னேரம் யாழ்ப்பாணம் பண்ணைப் பக்கம் நின்று கோட்டைச் சுவரில் விழுந்த மஞ்சள் வெயிலையும் கரைக்குத் திரும்பும் வள்ளங்களையும் எடுத்துக்கொண்டிருந்தபோது, சிவில் உடையில் வந்த ஒருவர் அடையாள அட்டைகூடக் காட்டாமல் கமராவை வாங்கி, ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்து எல்லாவற்றையும் அழித்துவிட்டார். முகாமோ சோதனைச் சாவடியோ படத்தில் இல்லை. ஒரு ஐயா வலையைத் தோளில் போட்டபடி இறங்குகிறார், அவ்வளவுதான், அதுவும் அவரிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.

இலங்கை அரசியலமைப்பின் 14(1)(அ) பிரிவு கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரம் தருகிறது, தேசிய பாதுகாப்புக்காகச் சட்டம் போட்டு அதைக் கட்டுப்படுத்தலாம் என்று 15 ஆம் உறுப்புரை சொல்கிறது, சரி. ஆனால் எழுத்தில் எந்த உத்தரவும் இல்லாமல் வீதியில் வைத்துப் படத்தை அழிக்கலாமா? அடிப்படை உரிமை மனு என்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் (Supreme Court) போகவேண்டும், அதனால்தான் அவசரமாகக் கேட்கிறேன். முதலில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுப்பதா, நேரே சட்டத்தரணியைப் பார்ப்பதா?

அப்புறம், அந்த மெமரி கார்டில் புதிதாக எதுவும் எடுக்காமல் கழற்றி வைத்திருக்கிறேன். அழிந்த படங்களை மீட்டுத் தரக்கூடியவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.