டாக்கிள் சொல்லிக்கொடுப்பவர்கள் வாங்க: களத்தில் பார்த்ததைப் பகிர்வோம்

ஃபிரிஸ்கோ கோச்

டல்லாஸுக்கு வடக்கே ஒரு சிறுவர் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பையன்கள். டிஃபென்ஸ் என் பொறுப்பு, அதாவது பந்தோடு ஓடி வருகிறவனைப் பிடித்து விழவைக்கிற 'டாக்கிள்' சொல்லிக்கொடுப்பது. அணியில் இருக்கும் ஒரே தமிழ்ப் பையன் என்னை 'அங்கிள்' என்று கூப்பிடப்போய், இப்போது எல்லோருக்கும் நான் 'கோச் அங்கிள்'.

புதிதாக வருகிற பையன் யாராக இருந்தாலும் முதல் நாள் ஒரே மாதிரிதான் செய்வான். பந்தோடு வருகிறவனைப் பார்த்துத் தலைதெறிக்க ஓடுவான், கடைசி நொடியில் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிவான். பயம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் அதைவிட ஆபத்தான காரியம் கிடையாது. நிமிர்ந்திருக்கும் கழுத்தில் இயல்பாகவே ஒரு சின்ன வளைவு இருக்கும். குனிந்ததும் அது போய் எலும்புகள் நேர்க்கோட்டில் நிற்கும், உச்சந்தலையில் பட்ட அடி அப்படியே கழுத்துக்குள் இறங்கும். பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தலையால் முட்டக் கூடாது என்று விதி வந்தது 1976-ல். அந்த வருடம் கழுத்து முறிந்து கைகால் நிரந்தரமாகச் செயலிழந்தவர்கள் 34 பேர், அடுத்த வருடம் 18 என்று ஜோசஃப் டார்க் என்ற மருத்துவர் கணக்கெடுத்திருக்கிறார்.

விதி வந்தும் பழக்கம் முழுசாகப் போகவில்லை. 2017 டிசம்பரில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் தடுப்பு வீரர் (லைன்பேக்கர்) ரயன் ஷேஷியர் சின்சினாட்டியில் தலை குனிந்து ஒரு டாக்கிள் போட்டார். கால் அசையாமல் களத்திலேயே கிடந்தார். பிறகு நடக்க முடிந்தது, ஆட முடியவில்லை. இந்த வீடியோவைப் பையன்களுக்குக் காட்ட மாட்டேன், பெற்றோருக்குச் சொல்வேன்.

பழைய கோச்சுகள் 'ஓடுகிறவனுக்குக் குறுக்கே தலையைப் போடு' என்பார்கள். அப்படிப் போட்டால் அவன் முழங்கால் நேராக அங்கேதான் வரும். 2014-ல் சியாட்டில் சீஹாக்ஸ் கோச் பீட் கரோல் ஒரு பயிற்சி வீடியோ வெளியிட்டார். ரக்பியிலிருந்து எடுத்த முறை: தலை அவனுக்குப் பின்பக்கம், தோள் தொடையில், இரண்டு கையாலும் கட்டி இறுக்கு, காலை நிறுத்தாமல் தள்ளு. அந்த பிப்ரவரியில்தான், தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் டென்வரை 43-8 என்று துவைத்தெடுத்திருந்தார்கள். தோற்ற அணி இதே வீடியோவைப் போட்டிருந்தால் யார் பார்த்திருப்பார்கள்!

சரி, நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்வேன். ஒருவன் முழங்காலிட்டிருப்பான், இன்னொருவன் பந்தோடு அவனைக் கடந்து நடந்துபோவான். ஓட்டம் கிடையாது, மோதல் கிடையாது. தோளைத் தொடையில் வைத்துக் கட்டிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். "உன் கன்னம் அவன் பின்பக்கத்தை உரசணும்" என்றால் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், மறக்க மாட்டார்கள். வெறுந்தலையோடு இருப்பவன், நாம் சொல்லாமலே தலையை ஒதுக்கிக்கொள்வான். நியூ ஹாம்ப்ஷர் பல்கலைக்கழகத்தில் எரிக் ஸ்வார்ட்ஸ் குழு இப்படி ஹெல்மெட் இல்லாமல் பழக்கிப் பார்த்ததில், ஆட்டப் பருவம் முடியும்போது தலையில் படும் மோதல் 28 சதவீதம் குறைந்திருந்தது.

அடுத்தது கால். தவறிப்போகிற டாக்கிளில் பெரும்பாலானது கை படுவதற்கு முன்பே தவறிவிடுகிறது. எங்கள் அணியிலேயே வேகமான பையன் ஒருவன், அவனிடம்தான் எல்லாரும் தப்பிப்பார்கள். முழு வேகத்தில் ஆள் நிற்கிற இடத்துக்கு ஓடுவான். எதிராளி உள்பக்கம் ஒரு எட்டு வெட்டினால் போதும், இவன் காற்றைப் பிடித்துக்கொண்டு விழுவான். அவனை எல்லைக்கோட்டு ஓரமாக நிறுத்தினேன். "பந்தைப் பார்க்காதே, தோளைப் பார்க்காதே. உன் பக்கத்து இடுப்பை மட்டும் பார். அவனுக்கு ஒரு கை நீளம் பின்னால், உள்பக்கமாகவே ஓடு" என்றேன். தோளும் தலையும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. உள்ளே திரும்ப வழியில்லாமல் ஓடுகிறவன் கோட்டை நோக்கியே போனான். கிட்ட நெருங்கியதும் இவன் எட்டைச் சின்னதாக்கினான், பக்கத்துக் காலை ஊன்றினான், அதே பக்கத்துத் தோளைப் போட்டான். சத்தமே இல்லாத டாக்கிள். எழுந்து, "நான் அடிக்கவே இல்லையே அங்கிள்?" என்றான்.

பையன்களுக்கு நான் காட்டுவது 2000 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலின் கடைசி நொடிகள். டென்னசியின் கெவின் டைசன் பந்தை வாங்கிக் கோல் கோட்டை நோக்கிப் பாய்கிறார். செயின்ட் லூயிஸ் ராம்ஸின் மைக் ஜோன்ஸ் வேறொருவரைக் காவல் காத்துக்கொண்டிருந்தவர், திரும்பி வந்து காலைக் கட்டிவிட்டார். டைசன் பந்தைக் கையோடு நீட்டிப் பார்க்கிறார், ஒரு கெஜம் குறைகிறது. ராம்ஸ் 23-16. அதில் அதிரடி எதுவும் கிடையாது, பிடித்தவர் விடவில்லை, அவ்வளவுதான்.

ரொம்பக் கஷ்டம் எது தெரியுமா? ஓரத்தில் நிற்கிற பையனுக்கு, "உன் வேலை பிடிப்பதில்லை, அவனை வெளியே விடாமல் உள்ளே திருப்பிவிடுவது" என்று புரியவைப்பது. பிடிக்கிறவன் பெயர்தான் கணக்கில் ஏறும். ஒரு அப்பா மேட்ச் முடிந்ததும் வந்து, "என் மகன் ஒரு டாக்கிள்கூடப் போடலியே" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அன்றைக்கு அந்தப் பக்கமாக ஒருவனும் தப்பிப் போகவில்லை. அதைச் சொன்னேன், அவர் கேட்கவில்லை.

கபடிக்காரன்

ஹூஸ்டன் பக்கம் பள்ளி ஆசிரியர், மாலையில் ஃபுட்பால் உதவி. ஊரில் கார்னரில் நின்று கபடி ஆடியவன். இடுப்பைப் பார் என்று நீங்கள் சொன்னதை எங்களுக்கு 'ரெய்டர் காலைப் பார், கண்ணைப் பார்க்காதே' என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் கபடிப் பழக்கம் ஒரு இடத்தில் கெடுதல் செய்யும். அங்கே பிடித்துத் தொங்கினால் மற்றவர்கள் வந்து விழுவார்கள். இங்கே வருகிறவன் முழு வேகத்தில் வருகிறான், தொங்கினால் இழுத்துக்கொண்டு இரண்டு மூன்று கெஜம் போய்விடுவான். பிடித்த பிறகும் கால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

டெக்சஸில் 2019 முதல் பள்ளி ஃபுட்பால் கோச்சுகளுக்கு டாக்கிள் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். அதுவும் ரக்பி வழி வந்த தோள் முறைதான். ஆட்டப் பருவத்தின்போது முழு மோதல் பயிற்சி ஒரு வீரருக்கு வாரத்துக்கு 90 நிமிடம்தான். வயதான கோச்சுகள் சிலர் இன்னும் முனகுகிறார்கள். இரண்டு பேரைக் குறுகிய சந்து மாதிரி இடத்தில் நேருக்கு நேர் மோதவிடும் 'ஓக்லஹோமா டிரில்' இல்லாமல் பையனுக்கு எப்படி வீரம் வரும் என்பார்கள். என்எஃப்எல்லே 2019-ல் அதைப் பயிற்சி முகாம்களிலிருந்து தூக்கிவிட்டது. ஆட்டத்தில் எங்கேயுமே இரண்டு பேர் அப்படி ஒரு சந்துக்குள் எதிரெதிரே நிற்பதில்லை, அப்புறம் அதை எதற்குப் பழக வேண்டும்?

இரண்டு பையன்களின் அம்மா

நான் கோச் இல்லை. மூத்தவன் டாக்கிள் ஆட்டத்துக்குப் போகிறேன் என்றபோது பெற்றோர் கூட்டத்தில் ஒரே கேள்விதான் கேட்டேன்: வாரத்தில் எத்தனை நிமிடம் ஒருவர்மேல் ஒருவர் மோதுவார்கள்? பதில் சொல்லத் தெரியாமல் விழித்த இடத்தில் சேர்க்கவில்லை. டார்ட்மவுத் கல்லூரியில் மறைந்த கோச் பட்டி டீவன்ஸ் 2010-லேயே பயிற்சியில் வீரர்கள் ஒருவரையொருவர் டாக்கிள் செய்வதை நிறுத்திவிட்டார். பொம்மைகளைத்தான் பிடிக்க வைத்தார். பிறகு அங்கே பொறியியல் மாணவர்கள் ரிமோட்டில் ஓடும் மோட்டார் பொம்மையே செய்து கொடுத்தார்கள். அந்த அணி தோற்றுப்போகவில்லை, 2015-ல் ஐவி லீக் என்ற கல்லூரி லீகின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. அடுத்த வருடம் மொத்த லீகும் பருவகாலப் பயிற்சியில் முழு மோதலை நிறுத்தியது. கல்லூரிப் பையன்களுக்கே அது போதும் என்றால் பதினொரு வயதுக்கு ஏன் போதாது?

ஃபிரிஸ்கோ கோச்

அம்மா, பதினொரு வயதுக்கும் அது தாராளமாகப் போதும். எங்கள் அணியிலும் ஆளோடு ஆள் மோதுவது வாரத்தில் ஒரு நாள்தான், அதுவும் கொஞ்ச நேரம். மற்ற நாட்களில் பெரிய மெத்தையும், உருட்டிவிட்டுத் துரத்திப் பிடிக்கிற நுரை வளையமும்தான்.

இப்போது எனக்குப் புதுத் தலைவலி டிவி. பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி, தன் உடம்பைத் திருப்பி எதிராளியின் கால்மேல் உட்காருகிற டாக்கிளை என்எஃப்எல் 2024-ல் தடை செய்தது, 15 கெஜம் அபராதம். கணுக்காலும் முழங்காலும் மாட்டிக்கொண்டு முறுக்கிவிடும். ஆனால் பழைய வீடியோவெல்லாம் யூடியூபில்தானே கிடக்கிறது. பையன்கள் பார்த்துவிட்டு அப்படியே செய்கிறார்கள். பின்னாலிருந்து பிடித்தால் கையைத் தொடைக்கு இறக்கி, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிப் பக்கவாட்டில் உருளச் சொல்கிறேன். கபடிக்காரரே, இதற்கு உங்களிடம் வேறு நல்ல டிரில் இருந்தால் எழுதுங்கள்.